43 அடியும் 52 அடியும்

மாமாவின் கிணறு அப்போது 40 அடி ஆழம். 2003-ஆம் ஆண்டுக் கோடையில் அதன் அடியில் முழங்கால் அளவு தண்ணீர்தான் கிடந்தது. முந்தைய ஆண்டு தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதும் பொய்த்திருந்தது. ராசிபுரத்துக்கும் வெண்ணந்தூருக்கும் இடைப்பட்ட அவருடைய காட்டில் இரண்டு ஏக்கர் மரவள்ளி வாடி நின்றது. மோட்டார் இருபது நிமிடம் ஓடினால் காற்றை இழுக்கத் தொடங்கிவிடும். பிறகு அடுத்த நாள் காலைதான்.

கிணற்றை இன்னும் வெட்டுவதா, ஆழ்துளை போடுவதா என்பதுதான் வீட்டில் பேச்சு. திருச்செங்கோட்டு போர் வண்டிகள் இந்தியாவின் எல்லா மூலைகளிலும் துளையிடப் போகின்றன. சொந்த மாவட்டத்தில் அவை இறங்கும் இடமெல்லாம் புழுதிதான் கிளம்புகிறது என்று மாமா சொல்வார். அவருக்குக் கிணற்றின்மேல்தான் நம்பிக்கை. எங்கள் பக்கத்து நிலம் நைஸ், சார்னோக்கைட் போன்ற கடும்பாறைமேல் கிடக்கிறது. மேலே மண், அதன் கீழே மக்கிய பாறை, அதற்கும் கீழே உளி இறங்காத கல். தண்ணீர் பெரும்பாலும் அந்த மக்கிய பாறையில்தான் இருக்கும். அது 50 அடிக்குமேல் போகிறது என்றால் ஆட்களை வைத்து வெட்டிவிடலாம். 40-ஐத் தாண்டியதும் கல் வந்துவிட்டால் வெடிதான். வெடி என்றால் செலவு இரண்டு மடங்கு, தண்ணீருக்கும் உறுதி இல்லை.

"கல்லு எத்தன அடியில கெடக்குதுன்னு உன்ற பொட்டி சொல்லுமா மாப்ளே?" என்று கேட்டார்.

பொட்டி என்று அவர் சொன்னது கணினியை. நான் அப்போது ராசிபுரத்தில் நிலத்தடி நீர் ஆய்வு செய்யும் ஒருவரிடம் உதவியாளனாக இருந்தேன். பொறியியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த காலம். அவர் செய்தது மின்தடை ஆய்வு. நிலத்தில் ஒரே நேர்கோட்டில் நான்கு இரும்பு முளைகளை அடிப்போம். வெளி இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள் இரண்டுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளப்போம். வெளி முளைகளைத் தள்ளித் தள்ளி அடிக்க, மின்சாரம் மேலும் மேலும் ஆழத்துக்குப் போகும். காய்ந்த மண்ணில் தடை அதிகம், ஈரமான மக்கிய பாறையில் குறைவு, அடியிலுள்ள கல்லில் மிக அதிகம். இருபது அளவுகளை மடக்கைத் தாளில் புள்ளிகளாகக் குறித்தால் ஒரு வளைகோடு வரும். நடுவில் பள்ளம் விழுந்த தொட்டில்போல இருக்கும் அது. முன்பே அச்சிட்டு வைத்த மாதிரி வளைகோடுகளின்மேல் அந்தத் தாளை வைத்து, வெளிச்சத்தில் பிடித்து, எது பொருந்துகிறது என்று பார்ப்பார் சார். முப்பது ஆண்டுப் பழக்கம். அரை மணி நேரத்தில் ஆழம் சொல்லிவிடுவார்.

எனக்கு அது ஜோசியம்போலத் தோன்றியது. இளவயதின் திமிர்தான், வேறொன்றுமில்லை. அதே வேலையைக் கணக்காகவே செய்ய வழி இருந்தது. மண்ணடுக்குகளின் தடிப்பையும் தடையையும் கொடுத்தால் வளைகோடு எப்படி வரும் என்பதை, ஒரு கையளவு எண்களால் பெருக்கிக் கூட்டியே பெறலாம் என்று டி. பி. கோஷ் என்ற இந்தியர் 1971-இல் காட்டியிருந்தார். அதற்குமுன் அது கடினமான தொகையீடு. கோஷுக்குப் பிறகு சிறிய கணினியாலும் முடிகிற காரியம். முதலில் ஓர் ஊகம், அதன் வளைகோடு, அளந்ததோடு ஒப்பிட்டு ஊகத்தைச் சற்றே திருத்துவது, மறுபடி வளைகோடு. இப்படியே பொருந்தும்வரை போகவேண்டும். நான் அதைச் சி மொழியில் எழுதினேன்.

சாரிடம் இருந்தது ஒரு 486 எஸ்எக்ஸ். நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதிக் களைத்து, விலைக்கு வந்த பெட்டி. 2003-இல் ஊரெங்கும் பென்டியம் 4 விற்றுக்கொண்டிருந்தது, எங்களுக்குக் கட்டுப்படியானது இதுதான். எஸ்எக்ஸ் என்ற அந்த இரண்டு எழுத்தின் பொருள் எனக்கு முதலில் தெரியாது. 1991-இல் இன்டெல் அதை வெளியிட்டபோது, தசமக் கணக்குப் போடும் பகுதி இல்லாத 486-ஆகத்தான் விற்றது. முழு எண்களை அது நன்றாகவே கூட்டும். லாரி வாடகைக்கு அது போதும். 3.14159 போன்ற எண்களை, அதாவது புள்ளி எங்கு வேண்டுமானாலும் நகரக்கூடிய மிதவைப்புள்ளி எண்களை, அது முழு எண் செயல்களாகப் பிட்டுப் பிட்டு நடித்துக் காட்டவேண்டும். ஒரு கிணற்றின் கணக்குக்கு இருபது நிமிடம் ஆயிற்று.

ஆகவே வேகமான கம்பைலர் ஒன்றைத் தேடத் தொடங்கினேன். நாம் எழுதும் நிரலை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். தொகுப்பி என்று தமிழில் எழுதுகிறார்கள். ஒரே நிரலை ஒரு தொகுப்பி சுற்றிவளைத்தும் இன்னொன்று நேராகவும் மாற்றும். கல்லூரியில் எங்களுக்குக் கிடைத்தது டர்போ சி. தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் பொறியியல் படித்த எவரிடமும் 'ஃப்ளோட்டிங் பாயிண்ட் ஃபார்மட்ஸ் நாட் லிங்க்ட்' என்று சொல்லிப் பாருங்கள், ஒரு கசந்த சிரிப்பு வரும். இடத்தை மிச்சப்படுத்துவதற்காகத் தசம எண்ணை வாசிக்கும் பகுதியை, தேவையில்லை என்று தானே நினைத்து விட்டுவிட்டு, பிறகு பாதியில் நம்மைக் கைவிடும். நாமக்கல் என்றதும் நாமகிரித் தாயாரையும் இராமானுஜனையும் இழுக்காமல் யாரும் கணக்கைப் பற்றிப் பேசுவதில்லை. இராமானுஜன் 1914-இல் எழுதிய ஒரு தொடரைக் கொண்டு 1985-இல் கோஸ்பர் என்பவர் பையின் மதிப்பை 1.7 கோடி இலக்கங்களுக்குக் கணக்கிட்டார். தாயாரின் கோயிலிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டரில் உட்கார்ந்து எங்களுக்கு ஏழு இலக்கம் தேறவில்லை.

இரண்டு வாரம் தொகுப்பியோடு மல்லுக்கட்டிய பிறகுதான் புரிந்தது, குறை தொகுப்பியில் இல்லை, சில்லில் இருக்கிறது என்று. சென்னைக்கு ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனவன், ரிச்சி தெருவில் ஒரு பழைய 486 டிஎக்ஸ்2 சில்லை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வேலை கிடைக்கவில்லை. சில்லு பொருந்தியது. டர்போ சியின் கெட்டிக்காரத்தனம் ஒன்றை அன்று கண்டேன். தசமக் கணக்கு வரும் இடங்களில் அது ஒரு குறியை மட்டும் வைத்துவிடும். ஓடும்போது சில்லில் அந்தப் பகுதி இருக்கிறதென்று கண்டால், குறிகளை உண்மையான கட்டளைகளாக மாற்றிக்கொள்ளும். மறுபடி தொகுக்காமலேயே, முன்பு இருபது நிமிடம் எடுத்த அதே கோப்பு ஐம்பது நொடியில் முடிந்தது. எந்தத் தொகுப்பியும் எனக்கு அவ்வளவு பெரிய லாபத்தைத் தந்திருக்காது. பழைய கணினியில் வேகமான கணக்கு வேண்டும் என்று இன்று யாராவது கேட்டால், பெட்டியைத் திறந்து சில்லின் பெயரை வாசித்துவிட்டு வாருங்கள் என்பதுதான் என் முதல் பதில்.

அத்தோடு நின்றிருக்கலாம். ஐம்பது நொடி யாருக்கும் நட்டமில்லை. ஆனால் வேகத்தின் ருசி நாக்கில் பட்டுவிட்டது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஓப்பன் வாட்காம் இலவசமாக வெளிவந்திருந்தது. ஒரு காலத்தில் பெரும் விலைக்கு விற்ற தொகுப்பி அது. இன்னொன்று டிஜே டெலோரி என்பவர் 1989-இல் தொடங்கிய டிஜேஜிபிபி. யூனிக்ஸ் உலகத்தின் ஜிசிசி தொகுப்பியை டாஸுக்குக் கொண்டுவந்தது. இரண்டையும் சேலத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் இறக்கி, ஃப்ளாப்பிகளில் துண்டு துண்டாக நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினேன். டர்போ சி பதினாறு இருமக் காலத்துக் கட்டளைகளோடு நின்றுவிட்டது, இவை இரண்டும் முப்பத்திரண்டு. வாட்காமில் இருபது நொடி. ஜிசிசியில் இருபத்தைந்து. ஜிசிசிக்கு 'ஃபாஸ்ட் மேத்' என்று ஓர் அனுமதி கொடுக்கலாம். கொடுத்தேன். பதினாறு நொடி.

486-இல் ஒரு கூட்டலுக்குப் பத்துச் சுழற்சி போல ஆகும், ஒரு அடுக்குக்குறிச் சார்புக்கு இருநூறுக்கு மேல். என் நிரல் முழுக்க அடுக்குக்குறிகள்தான். ஆகவே கூட்டல் பெருக்கலை எவ்வளவு அழகாக அடுக்கினாலும் லாபம் சிறிது, அந்தச் சார்பை நூலகத்துக்குப் போய்வராமல் நேரே சில்லிடம் கேட்பதில்தான் லாபம். ஃபாஸ்ட் மேத் அதைச் செய்தது. கூடவே வேறு சிலவற்றையும் செய்தது.

மாமாவின் நிலத்து அளவுகளை டர்போ சியில் ஓட்டினால் கல் 43 அடியில் என்றது. வாட்காம் 52 என்றது. ஃபாஸ்ட் மேத் போட்ட ஜிசிசி 50 என்றது. ஒரே நிரல், ஒரே அளவுகள், ஒரே சில்லு.

மூன்று இரவு தூங்கவில்லை. நிரலில் ஓர் எழுத்துகூடப் பிழை இல்லை. 1994-இல் பென்டியத்தின் வகுத்தல் பிழை உலகச் செய்தியானது, அடுத்த ஆண்டு இன்டெல் அதற்காக 47.5 கோடி டாலரை ஒதுக்கியது. அதைப் போல எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு மணி நேரம் கனவும் கண்டேன். அப்படி எதுவும் இல்லை. நான் மாறிகளையெல்லாம் 'ஃப்ளோட்' என்ற வகையில் அறிவித்திருந்தேன், அதில் ஏழு இலக்கம்தான் நிற்கும். ஆனால் அந்தச் சில்லின் உள்ளே கணக்கு நடக்கும் பதிவகங்கள் 80 இருமம் அகலமானவை, பத்தொன்பது இலக்கம் வரை தாங்குபவை. வில்லியம் கேகன் போன்றவர்கள் பெருந்தன்மையோடு வைத்த கூடுதல் இடம் அது. டர்போ சி ஒவ்வொரு வரி முடிந்ததும் விடையை நினைவகத்துக்கு அனுப்பி ஏழு இலக்கமாகச் சுருக்கிவிடும். வாட்காம் முடிந்தமட்டும் சில்லுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், அதில்தான் அதன் வேகமே இருக்கிறது. வேகமானது துல்லியமும் கூடியதாக அமைந்துவிட்டது. ஜிசிசியில் இதே குழப்பம் 2000-இல் 323 என்ற எண்ணில் பிழையாகப் பதிவாகி, அது பிழையா இல்லையா என்று பல ஆண்டுகள் சண்டை நடந்தது எனக்குப் பின்னால் தெரியவந்தது.

ஃபாஸ்ட் மேத்தின் கதை வேறு. அது கூட்டலின் வரிசையை மாற்றிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் வரிசை எப்படி இருந்தாலும் கூட்டல் ஒன்றுதான் என்று படித்தோம். ஏழு இலக்கம் மட்டுமே எழுதத் தெரிந்த ஒரு கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடி ரூபாயோடு நான்கு ரூபாயைக் கூட்டச் சொன்னால், எட்டாவது இலக்கம் அவர் ஏட்டில் நிற்காது, மறுபடி ஒரு கோடி என்றே எழுதுவார். மூன்று தடவை நான்கு நான்காகக் கொடுத்தாலும் ஒரு கோடிதான். மூன்று நான்கையும் முதலில் சேர்த்துப் பன்னிரண்டாகக் கொடுத்தால் ஒரு கோடியே பத்து என்று எழுதுவார். இரண்டு விடையும் தவறு, அளவுதான் வேறு.

இத்தனையும் சேர்ந்தாலும் வேறுபாடு ஏழாவது இலக்கத்தில்தானே இருக்கவேண்டும், ஒன்பது அடி எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை நான் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருக்கவேண்டும். துல்லியம் கூடிய தொகுப்பி 52 என்கிறது, வேகமும் அதுவே, ஆகவே 52-தான் சரி என்று முடிவுகட்டினேன். 52 நல்ல செய்தியாக இருந்தது என்பதும் ஒரு காரணம். அதை நான் அப்போது ஒப்புக்கொண்டிருக்கமாட்டேன்.

"52 அடிங்க மாமா."

"உறுதிதானா மாப்ளே?"

"கணக்குப்படி அதுதானுங்க மாமா."

அத்தை நான்கு வளையல்களை ராசிபுரத்தில் அடகு வைத்தார். மே மாதம் வெட்டு தொடங்கியது. 46 அடியில் கடப்பாரை எகிறியது. எகிறிய சத்தம் மேலே நின்றிருந்த எங்களுக்குக் கேட்டது. மாமா குனிந்து உள்ளே பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பிறகு வெடிக்காரர்கள் வந்தார்கள், இன்னும் நான்கடி போனார்கள். கிழக்குப் பக்கம் ஒரு வெடிப்பில் கொஞ்சம் ஊற்று கசிந்தது. மரவள்ளியில் பாதியைக் காப்பாற்ற அது போதுமாயிருந்தது. வளையல்களைத் திருப்ப இரண்டு ஆண்டு ஆயிற்று. அந்தக் காலம் முழுக்க அத்தை எனக்குச் சோறு போடும்போது கையில் கண்ணாடி வளையல்கள் சத்தமிட்டன. ஒருநாள்கூட அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூன்று விடைகளையும் எழுதித் தரச் சொன்னார். ஆழத்தை மட்டுமல்ல, நடு அடுக்கின் தடிப்பையும் தடையையும். டர்போ சியின் விடை, 5 மீட்டர் தடிப்பு, தடை 30. வாட்காமின் விடை, 8 மீட்டர் தடிப்பு, தடை 48. பென்சிலால் வகுத்தார். 5-ஐ 30-ஆல் வகுத்தாலும் 8-ஐ 48-ஆல் வகுத்தாலும் ஒன்றுதான், ஆறில் ஒரு பங்கு.

"தம்பி, மேல இருந்து பாக்கற கரண்டுக்கு இந்த ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். "மெலிசா ஈரம் அதிகமா இருந்தாலும், தடிமனா ஈரம் கம்மியா இருந்தாலும் மீட்டர்ல முள்ளு ஒரே எடத்துலதான் நிக்கும். எந்த மிஷின் போட்டாலும் இத பிரிக்க முடியாது."

இதற்குச் சமானத் தன்மை என்று பெயர். அவருடைய பழைய புத்தகங்களில் முதல் சில அத்தியாயங்களிலேயே இருந்தது. கணக்கின் மொழியில் சொன்னால், நான் தேடிய பள்ளத்தாக்குக்கு அடி இல்லை. நீளமான, சமதளமான ஓடை அது. அதில் எங்கே நின்றாலும் வளைகோடு கிட்டத்தட்ட ஒரே மாதிரி பொருந்தும். ஏழாவது இலக்கத்தில் ஒரு சிறு தள்ளு போதும், நிரல் ஓடையின் வேறொரு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நிலத்தில் நாங்கள் எடுத்த அளவுகளிலேயே நூற்றுக்கு ஐந்து பங்கு பிழை இருக்கும், முளை சரியாக ஊன்றாத இடத்தில் பத்துக்கூட. நான் ஏழாவது இலக்கத்துக்குத் தூக்கம் கெட்டுக்கொண்டிருந்தேன்.

தொகுப்பிகள் மூன்றும் மூன்று விடை சொன்னதுதான் அந்த முழு வேலையிலும் எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான தகவல். 43-க்கும் 52-க்கும் நடுவே எங்கோ, அதற்குமேல் தெரியாது என்று அவை ஒன்றாகச் சேர்ந்து சொல்லின. நான் அதில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து மற்றவற்றை அழித்தேன். சார் மாதிரி வளைகோட்டுத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது இரண்டு மூன்று கோடுகள் பொருந்துவதைக் கண்ணால் காண்பார். பிறகு பக்கத்துக் கிணறுகளை எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் ஆழம் சொல்வார். நான் ஜோசியம் என்று நினைத்த பகுதி அதுதான்.

அந்த நிரல் இன்னும் என்னிடம் இருக்கிறது. போன ஆண்டு மடிக்கணினியில் ஜிசிசியைக் கொண்டு மறுபடி தொகுத்தேன். வேகத்தை அளக்கவே முடியவில்லை, விசையை அழுத்திய விரல் மேலே வருமுன் விடை வந்துவிடுகிறது. இன்றைய 64 இருமச் சில்லுகளில் தொகுப்பிகள் பழைய 80 இருமப் பதிவகங்களைத் தொடுவதில்லை. 1999-இல் பென்டியம் III-ஓடு வந்த வேறு பதிவகங்களில், ஒவ்வொரு செயலும் அறிவித்த அளவுக்கே சுருங்குகிறது. பழைய சண்டை அத்தோடு ஓய்ந்தது என்று நினைத்தால், பெருக்கலையும் கூட்டலையும் ஒரே மூச்சில் செய்யும் கட்டளை வந்து கொஞ்சம் வேறுபாட்டை மறுபடி கொண்டுவந்திருக்கிறது. மாறிகளைப் பதினாறு இலக்கம் தாங்கும் 'டபிள்' வகைக்கு மாற்றினேன். இப்போது எந்த விருப்பத்தைக் கொடுத்தாலும், ஃபாஸ்ட் மேத்தோடும் இல்லாமலும், விடை 49 அடி என்று ஒற்றுமையாக வருகிறது. கல் இருந்தது 46-இல்.

பழைய பெட்டி யாரிடமாவது இருந்தால், ஓப்பன் வாட்காமைத்தான் இன்னும் சொல்வேன். அதில் வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து விடையை நிலையாக வைக்கும் விருப்பம் ஒன்று உண்டு. ஜிசிசியில் 'ஃப்ளோட் ஸ்டோர்' ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். ஆனால் ஒரு தடவை அதைப் போட்டும் ஒரு தடவை எடுத்தும் ஓட்டிப் பார்க்கவேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் கணக்குவரை சரி. ஒத்துவராவிட்டால் தொகுப்பியைத் திட்டுவதற்குமுன் கணக்கைப் பார்க்கவேண்டும்.

மாமா இப்போது இல்லை. அவர் மகன் போன கோடையில் அதே காட்டில், கிணற்றுக்கு மேற்கே ஆழ்துளை போட்டான். வண்டி வருவதற்கு இரண்டு நாள் முன்பு கூப்பிட்டான். அளவுகளை வாங்கிப் பார்த்துவிட்டு, மக்கிய பாறை 40-லிருந்து 55-க்குள் எங்காவது முடியும் என்றேன்.

"அது சரிங்க மச்சான். கேசிங் பைப்பு எத்தன அடி எடுக்கட்டும்? ஒரே நம்பரா சொல்லுங்க."

நாற்பது அடிக்கு எடு, இன்னும் இருபது அடிக்கு வண்டியில் ஏற்றி வைக்கச் சொல், இறங்காததைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று முதலில் கேட்டுக்கொள் என்றேன்.